இறக்குமதி நிலக்கரியைத் தடுத்தால் சுரங்க வேலை நிலைக்குமா?

வாசகர் கேள்வி: "மண்ணுக்கடியில் நிலக்கரி கொட்டிக் கிடக்கும் நாடு எதற்குக் கப்பலில் நிலக்கரி வரவழைக்க வேண்டும்? இறக்குமதியை மொத்தமாக நிறுத்துங்கள். சுரங்கத் தொழிலாளி ஒருவர்கூட வேலை இழக்க மாட்டார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?"

பிப்ரவரி 3, காலை

யோசிக்க நிறையவே இருக்கிறது. நான் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அனல்மின் நிலையம் ஒன்றின் நிலக்கரி யார்டில் வெகுகாலம் வேலை பார்த்தவன். சுரங்கத்திலிருந்து ரயிலில் வந்ததையும் கப்பலில் வந்ததையும் தனித்தனியாகக் குவித்து, கலந்து, கொதிகலனுக்கு அனுப்புவது எங்கள் பிரிவின் வேலை. நானே உள்ளே இறங்கி வெட்டியதில்லை. ஆனால் வெட்டியவர்களோடு பழகியிருக்கிறேன். அவர்களுக்கு வேலை போனால் குடும்பம் என்ன ஆகும் என்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்விக்குச் சட்டென்று தலையாட்ட மனம் வரவில்லை.

கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. வெளியிலிருந்து வருவது ஒரு டன் குறைந்தால் உள்ளே வெட்டுவது ஒரு டன் கூடும், அதை வெட்ட ஆள் வேண்டும் என்பது அந்தக் கணக்கு. முதல் பாதி சில சமயம் நடக்கும். இரண்டாம் பாதி பெரும்பாலும் நடப்பதில்லை.

பிப்ரவரி 3, இரவு

காலையில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். அமெரிக்கா நிலக்கரியை வெளியே விற்கும் நாடு. அங்கே இறக்குமதி பெயரளவுக்குத்தான். வேலையைப் பறிப்பது இறக்குமதிதான் என்றால் அங்கே யாருக்கும் வேலை போயிருக்கக் கூடாது. ஆனால் 1923இல் அந்த நாட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் சுமார் 8.6 லட்சம் பேர். 2008இல் அதுவரை இல்லாத அளவாக 100 கோடி டன்னுக்கு மேல் வெட்டினார்கள். அப்போது வேலையில் இருந்தவர்கள் 90,000 பேருக்கும் குறைவு. வெட்டிய அளவு இரண்டு மடங்கை நெருங்கியிருக்கிறது, ஆட்கள் பத்தில் ஒரு பங்காகியிருக்கிறார்கள்.

பறித்தது யார்? முதலில் எந்திரம். வெட்டிக்கொண்டே வாரித் தள்ளும் கண்டினியூவஸ் மைனர் வந்தது, நீண்ட கரிச்சுவரை எந்திரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சீவும் லாங்வால் முறை வந்தது. அப்புறம் மேற்கே வயோமிங் மாநிலத்தில் பவுடர் நதிப் படுகை திறந்தது. அங்கே 20, 30 மீட்டர் தடிமனான நிலக்கரி தரைக்குச் சற்றுக் கீழேயே கிடக்கிறது. மேல்மண்ணை வழித்துவிட்டு, ஒரு நடைக்கு நூற்றுக்கணக்கான டன் கொள்ளும் லாரியில் அள்ளிப் போட வேண்டியதுதான். கிழக்கே கென்டக்கி போன்ற மாநிலங்களின் அப்பலாச்சிய மலைகளுக்குள் குனிந்தும் தவழ்ந்தும் வெட்டியவர் அதோடு எப்படிப் போட்டி போட முடியும்? கந்தகம் குறைவு என்பதால் காற்று மாசுச் சட்டங்களும் வயோமிங் பக்கமே சாய்ந்தன.

பிப்ரவரி 5

"வயோமிங்கும் அமெரிக்காதானே, வேலை நாட்டுக்குள்தானே இருக்கிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நாட்டுக்குள் இருக்கிறது, உண்மை. ஆனால் கென்டக்கியில் வேலை இழந்தவர் வீட்டில் அது இல்லை. அவர் வீட்டை விற்க முடியாது. ஊரில் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்கப் பார்க்கும்போது வாங்க யார் இருப்பார்கள்?

இந்த வாதத்தை ஒரு மாநிலம் கடைசிவரை கொண்டுபோய்ப் பார்த்தது. ஓக்லஹோமா 1986இல் ஒரு சட்டம் போட்டது. மாநிலத்தின் மின் நிலையங்கள் எரிக்கும் நிலக்கரியில் குறைந்தது 10 சதவீதம் ஓக்லஹோமாவில் வெட்டியதாக இருக்க வேண்டும் என்றது. அதுவரை அவை ஏறக்குறைய முழுக்க வயோமிங் நிலக்கரியைத்தான் வாங்கிக்கொண்டிருந்தன. தன் வரி வருவாய் குறைகிறது என்று வயோமிங் வழக்குப் போட்டது. 1992இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாது என்றது. மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தில் ஒரு மாநிலம் இப்படிச் சுவர் எழுப்ப முடியாது என்பது தீர்ப்பு.

நம் கேள்விக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஓக்லஹோமா தொழிலாளிக்கு வயோமிங் கரியும் வெளியூர்க் கரிதான். எல்லையை எங்கே போட்டாலும் உள்ளே ஒரு மலிவான சுரங்கம் இருக்கும், அது பக்கத்திலுள்ள பழைய சுரங்கத்தை மூடவைக்கும்.

பிப்ரவரி 6

இந்தியாவைப் பற்றிக் கேட்டவருக்கு. அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியா 1975இல் உருவானது. ஒரு காலத்தில் அதில் 6 லட்சத்துக்கு மேல் நிரந்தரத் தொழிலாளர்கள். இப்போது ஏறக்குறைய 2.2 லட்சம். உற்பத்தியோ பல மடங்கு கூடி 2024-25இல் சுமார் 78 கோடி டன். நாட்டின் மொத்த உற்பத்தி அந்த ஆண்டு 100 கோடி டன்னைத் தாண்டியது. இறக்குமதி சுமார் 24 கோடி டன்.

அந்த 24 கோடி டன்னில் பாதியை நாட்டுக்குள்ளேயே வெட்ட முடிவு செய்தாலும் அதை எங்கே வெட்டுவார்கள்? உற்பத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் இப்போதே திறந்தவெளிச் சுரங்கங்களில்தான். கூடுதல் டன்னும் அங்கேதான் போகும், ஒப்பந்தக்காரரின் எந்திரத்துக்கும் டிப்பர் லாரிக்கும் போகும். மூடப்போகிறார்கள் என்று பயந்துகொண்டிருக்கும் பழைய நிலத்தடிச் சுரங்கத்துக்கு வராது. தடை கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். தடையால் யாருக்காவது வேலை கிடைக்கலாம். ஆனால் யார் பெயரைச் சொல்லித் தடை கேட்டோமோ அவருக்குக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிப்ரவரி 9

இந்தக் கேள்வியை முழுமையாகச் சோதித்துப் பார்த்த நாடு என்றால் ஜெர்மனிதான். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1957இல் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 6 லட்சம் பேர். அடுத்த ஆண்டே விற்காத நிலக்கரி மலைபோல் குவிந்தது. அமெரிக்க நிலக்கரி மலிவாக வந்தது, அதைவிட முக்கியமாக எண்ணெய் வந்தது. 1959இல் இறக்குமதி நிலக்கரிக்கு வரி போட்டார்கள். ஒதுக்கீட்டளவுக்கு மேல் வந்தால் வரி கட்ட வேண்டும். அப்புறம் எரியெண்ணெய்க்கும் வரி. 1968இல் நாட்டின் முக்கிய நிலக்கரிப் பகுதியான ரூரின் சுரங்கங்களை ஒரே நிறுவனத்துக்குள் கொண்டுவந்தார்கள். 1970களின் நடுவில் மின்கட்டணத்தோடு சேர்த்து ஒரு கூடுதல் தொகை வசூலிக்கத் தொடங்கினார்கள், "நிலக்கரி ஃபென்னிக்" என்று பெயர் (ஃபென்னிக் என்பது அன்றைய ஜெர்மன் சில்லறைக் காசு). உள்நாட்டு நிலக்கரிக்கும் மலிவான எரிபொருளுக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசத்தை அது நிரப்பியது. 1980இல் மின் நிறுவனங்கள் 1995வரை உள்நாட்டு நிலக்கரியை இவ்வளவு வாங்கியே தீருவோம் என்று ஒப்பந்தம் போட்டன. அதற்கு "நூற்றாண்டு ஒப்பந்தம்" என்று பேர் வைத்தார்கள்.

இதைவிடப் பெரிய பாதுகாப்பை எந்த நாட்டாலும் கொடுத்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். அப்படியும் 1980இல் தொழிலாளர் எண்ணிக்கை 2 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. படுகை ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது, கடைசிக் காலத்தில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே. அவ்வளவு ஆழத்தில் வெட்டுவது கடல் தாண்டி வந்ததைவிடப் பல மடங்கு செலவு பிடித்தது. 1994இல் அரசியல் சாசன நீதிமன்றம் நிலக்கரி ஃபென்னிக் செல்லாது என்றது. நாட்டின் எரிபொருள் பாதுகாப்பு எல்லோருக்குமான விஷயம், அதற்கான பணத்தை மின்கட்டணம் கட்டுபவர் தலையில் மட்டும் கட்ட முடியாது, வரிப்பணத்திலிருந்து எடுங்கள் என்று சொன்னது. அப்போது அந்தத் தொகை கட்டணத்தில் 8.5 சதவீதம்வரை வந்திருந்தது.

1997 பிப்ரவரியில் மானியத்தைக் குறைக்கப்போகிறார்கள் என்றபோது ரூர் பகுதியில் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் கைகோத்து 93 கிலோமீட்டர் நீளத்துக்கு நின்றார்கள். சுரங்கத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் நின்றார்கள். அதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது. 2007இல் மானியத்தை 2018இல் முடிப்பது என்று முடிவானது. 2018 டிசம்பர் 21 அன்று பாட்ராப் நகரின் ப்ராஸ்பர்-ஹானியல் சுரங்கத்திலிருந்து மேலே வந்த கடைசி நிலக்கரித் துண்டை நாட்டின் அதிபர் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் ஜெர்மனி நிலக்கரி எரித்தது, கப்பலில் வந்ததை.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதைப் படித்தவர் ஜெர்மனி பணத்தைக் கொட்டித் தோற்றுப்போனது என்று எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பணம் சுரங்கத்தைக் காப்பாற்றவில்லை. ஆனால் அறுபது ஆண்டு அவகாசத்தை வாங்கித் தந்தது. நிலத்தடியில் வேலை செய்தவர் 50 வயதில் ஓய்வுத்தொகையோடு வெளியே வர முடிந்தது. இளையவர்களை வேறு சுரங்கத்துக்கு மாற்றினார்கள், வேறு தொழிலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 1960கள்வரை பல்கலைக்கழகமே இல்லாமலிருந்த ரூர் பகுதியில் போஹம், டார்ட்மண்ட் என்று பல்கலைக்கழகங்கள் வந்தன. யாரையும் நடுத்தெருவில் விடக் கூடாது என்பதில் தொழிற்சங்கமும் அரசும் ஒரே மேசையில் உட்கார்ந்தன.

பிரிட்டனில் நடந்தது வேறு. 1984 மார்ச்சில் வேலைநிறுத்தம் தொடங்கும்போது சுமார் 1.8 லட்சம் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். 20 சுரங்கங்களை மூடப்போகிறோம், 20,000 வேலை போகும் என்ற அறிவிப்புதான் தீயைப் பற்றவைத்தது. ஓராண்டு போராட்டம். அந்த ஓராண்டிலும் சிறு துறைமுகங்கள் வழியாக நிலக்கரி உள்ளே வந்துகொண்டே இருந்தது. அன்றைக்குத் தொழிலாளர் ஆட்சி என்று சொல்லிக்கொண்ட போலந்திலிருந்தும் வந்தது. 1992 அக்டோபரில் மிச்சமிருந்த 50 சுரங்கங்களில் 31ஐ மூடுவதாக ஒரே நாளில் சொன்னார்கள். 1990களின் நடுவில் எண்ணிக்கை 20,000க்கும் கீழே. கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடியது.

இரண்டு நாட்டிலும் சுரங்கம் போய்விட்டது. ஆனால் போன விதம் ஒன்றல்ல. பிரிட்டனின் சுரங்க ஊர்களில் வேலை இழந்த ஆண்களில் பெரும் பகுதியினர் வேலையில்லாதோர் பட்டியலில்கூட வரவில்லை, உடல்நலக் குறைவு உதவித்தொகைக்குள் போய் ஒதுங்கினார்கள். கணக்கில் வேலையின்மை குறைவாகத் தெரிந்தது, தெருவில் அது அப்படியே இருந்தது.

ஆக, பிப்ரவரி 3 அன்று நான் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தடை வேலையைக் காப்பாற்றாது என்பதால் அது வீண் என்று ஆகிவிடாது. அவகாசம் வாங்கத் தடை உதவும். வாங்கிய அவகாசத்தில் தொழிலாளிக்கு என்ன செய்தார்கள் என்று பார்த்துத்தான் அது நல்ல தடையா என்று சொல்ல முடியும்.

பிப்ரவரி 11

"பிரிட்டன் சுரங்கங்களை இறக்குமதிதான் கொன்றது" என்கிறார் ஒருவர். இறக்குமதிக்குப் பங்கு உண்டு, 2006 வாக்கில் ஆண்டுக்கு 5 கோடி டன்வரை போனது. ஆனால் 1990களில் அடித்தது எரிவாயு. மின்துறை தனியாரிடம் போனதும் புதிய நிறுவனங்கள் வடகடல் எரிவாயுவில் ஓடும் நிலையங்களை வரிசையாகக் கட்டின. துறைமுகத்தில் எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டிருந்தாலும் குழாயில் வந்ததை நிறுத்தியிருக்காது.

பிப்ரவரி 13

யார்டு அனுபவத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விவாதத்தில் எல்லோரும் நிலக்கரியை ஒரே பொருள் போலப் பேசுகிறோம்.

எங்களுக்கு வந்த உள்நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். கல்லும் களிமண்ணும் சேர்ந்தே வரும். மழைக்காலத்தில் அது நனைந்து குழைந்து, கரி சரிந்து இறங்கும் குழாயில் அடைத்துக்கொள்ளும், ஆட்கள் கம்பியால் குத்திக் குத்தி இறக்குவார்கள். அரைக்கும் மில்லின் உருளைகள் சீக்கிரம் தேயும். கப்பலில் வந்ததில் சாம்பல் குறைவு, ஆனால் அதற்கு வேறு குணம். நமக்கு வந்தது இளம் வகை, ஈரமும் ஆவியாகும் பொருளும் அதிகம். குவியலை நன்றாக அமுக்காமல் விட்டால் தானாகச் சூடேறிப் புகைய ஆரம்பித்துவிடும். இரவுப் பணியில் தண்ணீர் பீய்ச்சுவதும் புல்டோசர் வைத்துக் குவியலைப் பிரிப்பதுமாகவே விடிந்த நாட்கள் உண்டு.

கொதிகலனும் அப்படித்தான். எந்தக் கரிக்காக வடிவமைத்தார்களோ அதற்குப் பழகிய அடுப்பு அது. இறக்குமதிக் கரிக்காகவே கடலோரத்தில் கட்டிய நிலையத்தில் 40 சதவீதம் சாம்பலுள்ள கரியைப் போட்டால் சாம்பலை வெளியேற்றும் அமைப்பு தாங்காது. மறுபடி கட்ட வேண்டும், பணமும் காலமும் வேண்டும். இன்று உத்தரவு போட்டு நாளை மாற்ற முடியாது.

எஃகு ஆலையின் தேவை இன்னும் கறாரானது. அதற்குக் கோக் ஆகக்கூடிய நிலக்கரிதான் வேண்டும். சூட்டில் உருகி, ஒட்டி, கெட்டியான நுண்துளைக் கோக்காக மாற வேண்டும், ஊது உலையில் மேலே இருக்கும் இரும்புத்தாதின் எடையைத் தாங்க வேண்டும். அந்தக் குணம் இல்லாத நிலக்கரி எத்தனை கோடி டன் மண்ணுக்குள் இருந்தாலும் அந்த உலைக்கு உதவாது. ஆகவே "நிலக்கரி இறக்குமதியை நிறுத்து" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்பவர், எந்த நிலக்கரி என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 14

கழுவினால் சாம்பல் குறையுமே என்று கேட்டவருக்கு: குறையும். ஆனால் சில நாட்டு நிலக்கரியில் மண் துகள் கரிக்குள்ளேயே பின்னிக் கிடக்கிறது, ஓரளவுக்கு மேல் பிரியாது. கழுவும்போது கொஞ்சம் நல்ல கரியும் கழிவோடு போகும். தண்ணீர் வேண்டும், கழிவைக் கொட்ட இடம் வேண்டும். ஆனாலும் தடைக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கைக் கழுவும் ஆலைக்குச் செலவழித்தால் அங்கே ஆட்களுக்கு வேலை கிடைக்கும், கரியும் விலை போகும். இதை நான் மனதார ஆதரிக்கிறேன்.

பிப்ரவரி 18

திடீர்த் தடை என்ன செய்யும் என்பதற்குச் சீனா. 2020 அக்டோபரில் ஆஸ்திரேலிய நிலக்கரியை இறக்க வேண்டாம் என்று வாய்மொழியாக உத்தரவு போனது. அதற்குக் காரணம் இரு நாட்டு அரசியல் சண்டை, சுரங்க வேலை அல்ல. ஆனால் விளைவைப் பார்க்கலாம்.

ஆஸ்திரேலிய நிலக்கரி வேறு நாடுகளுக்குப் போனது. வேறு நாட்டுக் கரி சீனாவுக்கு வந்தது. கப்பல்கள் நீண்ட வழியில் ஓடின, அவ்வளவுதான். 2021 இலையுதிர் காலத்தில் சீனாவில் மின்வெட்டு வந்தது. தடை ஒன்றே அதற்குக் காரணம் இல்லை, ஆனால் தட்டுப்பாட்டு நேரத்தில் அதுவும் சேர்ந்துகொண்டது. துறைமுகக் கிடங்குகளில் மாதக்கணக்கில் கிடந்த ஆஸ்திரேலிய நிலக்கரியில் கொஞ்சத்தை அப்போது எடுத்துவிட்டார்கள். 2023 தொடக்கத்தில் தடை தளர்ந்தது.

எனக்கு மறக்காதது கப்பலில் இருந்தவர்கள். ஆஸ்திரேலிய நிலக்கரியை ஏற்றிய ஜக் ஆனந்த் என்ற கப்பல் 2020 ஜூனிலேயே சீனாவின் ஜிங்டாங் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டது, 23 இந்திய மாலுமிகளோடு. அனஸ்தேசியா என்ற இன்னொரு கப்பலில் 16 இந்தியர்கள். சரக்கையும் இறக்க விடவில்லை, ஆட்களையும் மாற்ற விடவில்லை. ஜக் ஆனந்த் 2021 ஜனவரியில் ஜப்பானுக்குப் போய்த்தான் ஆட்களை மாற்றியது. அவர்களும் நிலக்கரித் தொழிலாளர்கள்தான். சுரங்க வேலையைப் பற்றிப் பேசும்போது துறைமுகக் கூலியும் மாலுமியும் ரயில்பாதை ஆளும் நம் கணக்கில் வருவதே இல்லை.

பிப்ரவரி 20

வரியா, அளவுக் கட்டுப்பாடா என்று ஒரு நல்ல கேள்வி வந்திருக்கிறது. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு. வரி போட்டால் விலை வித்தியாசம் அரசின் கைக்கு வரும். அதை எடுத்துத் தொழிலாளியின் ஓய்வூதியத்துக்கு வைக்கலாம். ஒதுக்கீடு போட்டால், அனுமதி கிடைத்த இறக்குமதியாளர் மலிவாக வாங்கி உயர்ந்த உள்நாட்டு விலைக்கு விற்பார், வித்தியாசம் அவர் பைக்குப் போகும். அனுமதி யாருக்கு என்று தீர்மானிக்கும் மேசையில் எவ்வளவு கூட்டம் கூடும் என்று சொல்லத் தேவையில்லை. உலக வணிக விதிகளும் பொதுவாக அளவுக் கட்டுப்பாட்டைத் தடுக்கின்றன, ஒப்புக்கொண்ட உச்சவரம்புக்குள் வரியை அனுமதிக்கின்றன.

வரியிலும் எப்படிப் போடுகிறோம் என்பது முக்கியம். துருக்கி 2016இல் ஒரு முறையைக் கொண்டுவந்தது: மின் நிலையத்துக்கான இறக்குமதி நிலக்கரி டன்னுக்கு 70 டாலருக்குக் கீழே வந்தால் அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். விலை ஏறியிருக்கும்போது சுமை இல்லை, விழுந்தால்தான் வரி. டன்னுக்கு இவ்வளவு என்று தட்டையாகப் போடும் வரியை எடைபோட்டுப் பார்க்க இந்தியாவே உதாரணம். உள்நாட்டுக் கரிக்கும் வெளிநாட்டுக் கரிக்கும் டன்னுக்கு ஒரே 400 ரூபாய் செஸ் (கூடுதல் வரி) இருந்தது. வெப்பம் குறைந்த, விலை குறைந்த கரிக்கு அது பெரிய பங்கு, வெப்பம் மிகுந்த கரிக்குச் சிறிய பங்கு. உள்நாட்டுக் கரியைத்தான் அது அதிகம் அழுத்தியது. 2025 செப்டம்பரில் செஸ்ஸை நீக்கி ஜிஎஸ்டியை 5இலிருந்து 18 சதவீதமாக்கினார்கள். யாரும் தெருவில் இறங்கிக் கோஷம் போடாத மாற்றம் அது. ஆனால் உள்நாட்டுக் கரியின் நிலையைச் சீராக்கியதில் பல தடைகளைவிட அதற்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

இன்னொன்று. 2025 ஜனவரி முதல் இந்தியா குறைந்த சாம்பல் கோக்குக்கு நாடுவாரி ஒதுக்கீடு வைத்தது. கோக் சூளை வைத்திருப்பவர்கள் கேட்டார்கள், எஃகு ஆலைகள் எதிர்த்தன. அந்தச் சூளைகளுக்குப் போகும் கோக்கிங் நிலக்கரியில் பெரும்பங்கு ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்துதான் வருகிறது. அங்கே பாதுகாப்புப் பெறுவது சூளைக்காரரின் வேலை, சுரங்கக்காரருடையது அல்ல. ஒவ்வொரு தடையிலும் இந்தப் படிநிலையை விசாரிக்க வேண்டும்.

பிப்ரவரி 21

துருக்கியைச் சொன்னதால் அங்கே சோமா நகரின் நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்த விபத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2014 மே 13, 301 பேர் இறந்தார்கள். அந்தச் சுரங்கத்தைத் தனியார் நடத்தினார்கள், வெட்டியதை எல்லாம் அரசு நிறுவனம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. விற்குமா என்ற கவலை இல்லை, எவ்வளவு வேகமாக வெட்டுகிறோமோ அவ்வளவு வருமானம். உள்நாட்டு நிலக்கரியை ஊக்குவிக்கிறோம் என்று எந்த அரசு உற்பத்தி இலக்கை உயர்த்தினாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த எண்தான். காற்றோட்டம், வாயு அளக்கும் கருவி, தப்பும் வழி, இவற்றைப் பரிசோதிக்கும் ஆட்களை இரட்டிப்பாக்காமல் உற்பத்தியை மட்டும் கூட்டச் சொல்வது தொழிலாளியைப் பாதுகாப்பதாகாது. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசத் தயாராக இல்லை.

பிப்ரவரி 25

ஜப்பானைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் இறக்குமதி ஒதுக்கீடு வைத்திருந்தார்கள், கச்சா எண்ணெய் மீதான சுங்க வரியை எடுத்து நிலக்கரித் துறைக்குச் செலவழித்தார்கள். மிட்சுயி மீகே சுரங்கத்தில் 1960இல் நடந்த நீண்ட போராட்டம், அங்கேயே 1963இல் வெடிவிபத்தில் 458 பேர் இறந்தது, 1997இல் அது மூடியது, 2002இல் குஷிரோவின் தைஹெய்யோ சுரங்கம் மூடியது. உள்நாட்டுக் கரி இறக்குமதியைவிட மூன்று மடங்கு விலைவரை போயிருந்தது.

யூபாரி ஊரின் கதைதான் கனமானது. 1960இல் 1.16 லட்சம் பேர் வாழ்ந்த நகரம். 1981இல் ஒரு விபத்தில் 93 பேர் இறந்தார்கள், அந்தச் சுரங்கம் அடுத்த ஆண்டே மூடியது. 1990இல் கடைசிச் சுரங்கமும் போனது. நகராட்சி சுற்றுலாவை நம்பிக் கடன் வாங்கிப் பொழுதுபோக்குப் பூங்கா கட்டியது. 2007இல் நகராட்சியே திவால் நிலைக்குப் போனது. இன்று அங்கே இருப்பவர்கள் பத்தாயிரம்கூட இல்லை.

மாற்றுத் தொழில் என்றதும் எல்லோரும் சுற்றுலா, அருங்காட்சியகம் என்று ஆரம்பிக்கிறார்கள். குஷிரோவில் கொஞ்சம் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார்கள். மூடிய சுரங்கத்தின் ஒரு பகுதியைச் சிறிய அளவில் தொடர்ந்து நடத்தி, வியட்நாம், சீனப் பொறியாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தார்கள். ஆழச் சுரங்கத்தில் வாயுவையும் நீரையும் சமாளித்த கை அனுபவத்துக்கு உலகில் தேவை இருக்கிறது. மூடும்போது அதையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறோம்.

மார்ச் 1

"எப்படியும் நிலக்கரியே போகப்போகிறது, இந்தப் பேச்சு எதற்கு?" என்கிறார் ஒருவர். போகட்டும், போக வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று நின்றது. போலந்து தன் சுரங்கங்களை 2049க்குள் மூடுவதற்குத் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தமே போட்டிருக்கிறது. ஆனால் போகப்போகிற தொழிலில் இன்று 35 வயதுள்ள ஒருவர் இருக்கிறார். அவருக்கு இன்னும் 25 ஆண்டு உழைக்கும் காலம் இருக்கிறது. பேச்சு அவருக்காக.

சுரங்கம் மூடினாலும் வேலை முழுக்க முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரூரில் நிலம் பல இடங்களில் பத்து, இருபது மீட்டர் தாழ்ந்துவிட்டது. பம்புகளை நிறுத்தினால் ஊர்கள் நீரில் மூழ்கும், அதனால் அவை என்றைக்கும் ஓட வேண்டும். அதற்கென்றே ஓர் அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள். குழிகளை மூடுவது, நீரைக் கண்காணிப்பது, எரியும் படுகையை அணைப்பது எல்லாம் வேலைதான். இறக்குமதி வரி வசூலிக்கும் அரசு முதலில் இதற்கு ஒரு தனிக் கணக்குத் தொடங்க வேண்டும்.

மார்ச் 4

ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானாக எழுதுகிறேன். ஜெர்மனியில் 50 வயது ஓய்வுத்தொகை கிடைத்தது ஏன் என்றால், யார் எத்தனை ஆண்டு நிலத்தடியில் இருந்தார் என்பதற்குப் பதிவேடு இருந்தது. யார்டில் என்னோடு கம்பி பிடித்துக் கரி இறக்கியவர்களில் பலருக்கு அது இல்லை. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் அவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்களாகிவிடுவார்கள். வருங்கால வைப்பு நிதி எண் மாறும், சிலருக்கு எண்ணே இருக்காது. ஒருவர் கேட்டதற்கு, "இங்கே நீ வேலை பார்த்ததற்கு என்ன சாட்சி?" என்று அலுவலகத்தில் திருப்பிக் கேட்டார்கள். அவர் கையில் இருந்தது நுழைவுச் சீட்டு ஒன்றுதான், அதுவும் காலாவதியானது.

சுரங்கத்திலும் இதே நிலைதான். மேல்மண் அள்ளும் டிப்பர் ஓட்டுநர், வெடிவைப்பவரின் உதவியாளர், ரயில் வேகனைச் சமன்படுத்துபவர், இவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. தடை வந்தாலும் வராவிட்டாலும், மானியம் வந்தாலும் இழப்பீடு வந்தாலும், பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தான் போகும்.

அதனால் தொழிற்சங்கத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இது. துறைமுகத்தைப் பூட்டச் சொல்லும் கோரிக்கையை வையுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அதற்கு முன்னால் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு யார்டிலும் ஒப்பந்த ஆட்களின் பெயர், சேர்ந்த தேதி, செய்த வேலை, தூசியில் கழித்த ஆண்டுகள் இவற்றை எழுதி, நிர்வாகத்தின் கையெழுத்தை வாங்கி வையுங்கள். நுரையீரல் படம் எடுத்து அதையும் சேர்த்து வையுங்கள். இதற்கு எந்த அமைச்சரின் உத்தரவும் தேவையில்லை, அடுத்த ஷிப்டிலேயே தொடங்கலாம்.